ஏ.சி.யும் வேண்டும்! கம்பளியும் வேண்டும்!

இது நடந்தது 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

என் தங்கை நாகர்கோவில் வடசேரியில் குடியிருக்கிறாள். அவளுடைய மகள் இங்கிலாந்தில் நர்சு வேலை பார்க்கிறாள். தாயும் மகளும் இரவு நேரத்தில் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். அன்று நானும் அங்கே இருந்தேன்.

மகள் திரையில் வந்தாள். முகம் மட்டும்தான் தெரிந்தது. மற்றது எல்லாம் போர்வை!

"என்ன மக்ளே, இப்படி மூடிப் பொதிஞ்சிட்டு இருக்கே? சொகம் இல்லியா?" என்று தாய் பதறினாள்.

"சொகத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. இங்க ஒரே குளிரு. ஹீட்டரைப் போட்டா பில்லு ஏறும். அதான் போர்வை. அது சரி, நீங்க எதுக்குப் போர்வையைப் போத்திட்டு இருக்கியோ?"

தாய் தன்னைத் தானே குனிந்து பார்த்தாள். கழுத்து வரைக்கும் கம்பளி!

"ஏ.சி. ஓடுதுல்லா மக்ளே!" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசனைதான் வந்தது.

குளிர் நாட்டில் இருக்கும் மகள், மின்சாரச் செலவைக் குறைக்கப் போர்வை போர்த்துகிறாள். வெயில் நாட்டில் இருக்கும் தாய், காசு கொடுத்துக் குளிரை வாங்குகிறாள். அப்புறம் அந்தக் குளிருக்குப் பயந்து போர்வை போர்த்துகிறாள்!

இந்த இரண்டு பேரில் யார் புத்திசாலி?

உடம்பே ஓர் அடுப்பு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பளி சூடு தருவது இல்லை. எந்தத் துணியும் தானாகச் சூடு தராது.

சூடு தருவது நம்முடைய உடம்பு. சும்மா உட்கார்ந்து இருக்கும் மனிதனின் உடம்பில் இருந்து ஏறத்தாழ 100 வாட் சூடு வெளியேறுகிறது. அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்தால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு!

துணியின் இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் காற்று, உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. கம்பளியில் காற்று நிறைய நிற்கும். அதனால்தான் அது கதகதப்பாக இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஓர் அறையைச் சூடாக்க வேண்டுமானால் சுவர், தரை, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் சூடாக்க வேண்டும். ஒரு மனிதனைக் கதகதப்பாக வைக்க ஒரு துணி போதும்! சுவருக்குக் குளிரா எடுக்கிறது?

இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு உலகத்தில் பலர் விசித்திரமான உடைகளைக் கண்டுபிடித்து இருக்கிறார்கள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு ஊரே வாங்கிப் போட்டுக்கொண்டது!

15 வயதுப் பையன் செய்த வேலை

அமெரிக்காவில் மெயின் என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் எங்கும் பனிதான். அந்த மாநிலத்தில் பார்மிங்டன் என்ற ஊரில் செஸ்டர் கிரீன்வுட் என்ற பையன் இருந்தான்.

அவனுக்குப் பனியில் சறுக்கி விளையாட ஆசை. ஆனால் காது குளிரில் விறைத்துப் போகும். கம்பளித் துணியைக் கட்டினால் காது அரிக்கும்.

1873-ல் அவனுக்கு வயது 15. ஒரு கம்பியை வளைத்தான். அதன் இரண்டு முனையிலும் ரோமம் வைத்துத் தைத்துத் தரும்படி பாட்டியிடம் சொன்னான். பாட்டியும் தைத்துக் கொடுத்தார். தலையில் மாட்டினான். காது சூடாகிவிட்டது!

1877-ல் அந்தக் காது உறைக்குக் காப்புரிமை வாங்கினான். பிறகு தொழிற்சாலையே வைத்தான்.

நம் ஊரில் மார்கழி மாதம் விடிகாலையில் பால் வாங்கப் போகும் பெரியவர்களைப் பாருங்கள். தலையில் குரங்குக் குல்லா. கழுத்தில் மப்ளர். அவர்களைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கேலி செய்யாதீர்கள்! அந்தத் தாத்தாவுக்கு ஒரு காசு கரண்டுச் செலவு இல்லை.

கை வைத்த போர்வை

அதே மெயின் மாநிலத்தில் 1998-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது.

கேரி கிளெக் என்ற மாணவர் விடுதியில் தங்கிப் படித்தார். அறையில் நல்ல குளிர். போர்வைக்குள் புகுந்தால் கதகதப்பு. ஆனால் கையை வெளியே நீட்ட முடியாது. கையை நீட்டினால் குளிர் உள்ளே வந்துவிடும்.

என்ன செய்தார் தெரியுமா? தூங்குவதற்கான பஞ்சுப் பையில் ஓட்டை போட்டுக் கையை வெளியே விட்டார்! பிறகு அவருடைய தாயார் போர்வையில் சட்டைக்கை வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

கை வைத்த போர்வை பிறந்தது.

2008-ல் வேறொரு கம்பெனி இதே மாதிரிப் போர்வையை டெலிவிஷனில் விளம்பரம் செய்தது. "கோட்டை முன்பின்னாக மாற்றிப் போட்ட மாதிரி இருக்கிறதே!" என்று பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் 2 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்தது!

இந்த இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒன்றில் பாட்டி தைத்தார். மற்றொன்றில் தாய் தைத்தார். கண்டுபிடிப்பு என்பது பெரிய ஆராய்ச்சிச் சாலையில் மட்டும் பிறப்பது இல்லை. வீட்டுத் திண்ணையிலும் பிறக்கிறது.

உடைக்குள் நெருப்பு!

நம் நாட்டுக்கு வருவோம்.

காஷ்மீரத்து மக்கள் குளிர்காலத்தில் முழங்கால் வரை தொங்கும் நீண்ட அங்கியை அணிகிறார்கள். அதற்குப் பெயர் பிரன். அதற்குள்ளே ஒரு மண்சட்டி இருக்கும். சட்டியைச் சுற்றி அழகான பிரம்புக் கூடை பின்னி இருக்கும். சட்டியில் கனிந்த கரி! இதற்குப் பெயர் காங்கிரி. நெருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். பேசுகிறார்கள். வியாபாரம் செய்கிறார்கள்.

வீட்டைச் சூடாக்க ஒரு வண்டி விறகு வேண்டும். ஆளைச் சூடாக்கக் கைப்பிடிக் கரி போதும். எவ்வளவு பெரிய சிக்கனம்!

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் சூடு பட்டால் வயிற்றிலும் தொடையிலும் தோல் கருத்து, சிலருக்குப் புற்றுநோய் வருகிறது. 1866-லேயே எல்ம்ஸ்லி என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். சிக்கனம் நல்லதுதான். உடம்பைக் கெடுக்கிற சிக்கனம் நல்லது அல்ல.

நீலகிரியில் வாழும் தோடர்களைப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் தடித்த பருத்தித் துணி. அதில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் போடும் பூ வேலை. இந்தப் போர்வைக்குப் பெயர் பூத்துக்குளி. மலைக் குளிருக்கு அதுதான் காவல். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அந்தத் தையல் வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஜனாதிபதியின் கம்பளிச் சட்டை

ஏழைகள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதியே செய்தார்!

1977-ம் ஆண்டு அமெரிக்காவில் கடும் குளிர். வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு. ஜிம்மி கார்ட்டர் அப்போதுதான் ஜனாதிபதியாகி இருந்தார். பிப்ரவரி 2-ந் தேதி அவர் டெலிவிஷனில் பேசினார். கோட்டு இல்லை. கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கணப்பு அருகே உட்கார்ந்து பேசினார்.

பகலில் வீட்டுச் சூட்டை 18 டிகிரிக்கும், இரவில் 13 டிகிரிக்கும் குறைத்து வையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்.

வெறும் வாயால் சொல்லவில்லை. தானே உடுத்திக் காட்டினார். அதுதான் பெருமை.

2005-ல் ஜப்பான் அரசாங்கமும் இதையே செய்தது. குளிர்காலத்தில் ஆபீசில் சூட்டை 20 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், உள்ளே ஒரு சட்டை கூடுதலாகப் போடுங்கள் என்றது. ஜப்பானியர் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பழைய கால வயிற்றுப் பட்டை ஒன்று உண்டு. அதற்கு மீண்டும் மவுசு வந்துவிட்டது!

ஏழைக்கு உபதேசமா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை.

இங்கிலாந்தில் ஒரு சராசரி வீட்டின் கரண்டு, எரிவாயுச் செலவு 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுன் என்று கணக்கிட்டார்கள். ஓராண்டில், 2022 அக்டோபரில், அது 2,500 பவுன் ஆகிவிட்டது. அதுவும் அரசாங்கம் உதவி செய்த பிறகு! என் தங்கை மகள் போர்வைக்குள் புகுந்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு கம்பெனி தன்னுடைய வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்னது. "வீட்டு நாயையோ பூனையையோ கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கையைக் காலை விரித்துக் குதியுங்கள். சூடு வரும்!"

மக்கள் கொதித்து எழுந்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

மக்கள் கோபப்பட்டது நியாயம்தான். குளிரில் நடுங்கும் கிழவியிடம், "இன்னொரு சட்டை போட்டுக்கொள்" என்று சொல்வது யோசனை அல்ல, கேலி. அவருக்குச் சூடான அறை வேண்டும். அதைக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், வயதானவர்களுக்கும் ஹீட்டரோ ஏ.சி.யோ தேவைப்பட்டால் தாராளமாகப் போட வேண்டும்.

நான் சொல்வது வசதி உள்ளவர்களுக்கு. ரிமோட்டைக் கையில் வைத்து இருப்பவர்களுக்கு!

நம் ஊர்க் காற்று எங்கே போயிற்று?

இனி நம் ஊருக்கு வருவோம்.

நாகர்கோவிலுக்கு ஆண்டவன் கொடுத்த செல்வம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. அந்தக் காற்றுதான் முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுற்றுகிறது. மின்சாரம் ஆகிறது. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் அதுவும் ஒன்று.

அதே காற்று நம்முடைய ஜன்னலையும் வந்து தட்டுகிறது. நாம் என்ன செய்கிறோம்?

ஜன்னலை இறுக்கிச் சாத்துகிறோம். திரையை இழுத்து மூடுகிறோம். காற்றில் இருந்து வந்த மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கி, ஏ.சி.யைப் போடுகிறோம். 18 டிகிரியில் வைக்கிறோம். குளிர் தாங்கவில்லை. பீரோவைத் திறந்து கம்பளியை எடுக்கிறோம்!

வாசல் வழியாக வந்த விருந்தாளியை விரட்டிவிட்டு, கூலி கொடுத்து ஆள் கூட்டிவந்த கதைதான் இது.

கணக்குப் பாருங்கள். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் மின்சிக்கன அலுவலகம் சொல்கிறது. 18-ல் இருந்து 24-க்கு வந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

ஒரு வீட்டு ஏ.சி. இரண்டு மாதத்தில் 300 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பளியை மடித்து வைத்துவிட்டு 24-ல் ஓட்டினால் சுமார் 90 யூனிட் குறையும். பழைய மின்விசிறி ஒன்று 1 யூனிட்டில் ஏறத்தாழ 13 மணி நேரம் ஓடும். 90 யூனிட்டில் எத்தனை இரவு ஓடும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்!

நட்சத்திரக் குறி போட்ட வீட்டு ஏ.சி.கள் எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. 2020 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. எந்திரம் 24-ல்தான் தொடங்குகிறது. அதை 18-க்கு இறக்குவது நம்முடைய விரல்!

டையைக் கழற்றுங்கள்!

குளிருக்கு ஒரு துணியைக் கூட்டுவது புத்திசாலித்தனம் என்றால், வெயிலுக்கு ஒரு துணியைக் குறைப்பதும் புத்திசாலித்தனம்தானே?

ஜப்பான் 2005 கோடையில் அதைத்தான் செய்தது. ஆபீசில் ஏ.சி.யை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டும் டையும் வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னது. மந்திரிகளே டை கட்டாமல் வந்தார்கள்.

2009-ல் வங்காள தேசத்திலும் மின்சாரப் பஞ்சம். ஆண் அரசு ஊழியர்கள் கோட்டும் டையும் அணிய வேண்டாம், ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக்கூடாது என்று அங்கே உத்தரவு வந்தது.

ஜப்பானில் இச்சிகயா ஹிரோஷி என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். இவர் சோனி கம்பெனியில் வேலை பார்த்த என்ஜினீயர். சட்டையின் முதுகுப் பக்கத்தில் இரண்டு சின்ன விசிறிகளைப் பொருத்தினார்! பாட்டரியில் ஓடும். வெளிக் காற்றை உள்ளே இழுத்து, வியர்வையை உலர்த்தும். 2004-ல் இதற்கென்றே கம்பெனி தொடங்கினார். காற்றடைத்த பலூன் மாதிரி சட்டை உப்பிக்கொண்டு நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் இன்று கட்டட வேலைத் தொழிலாளர்கள் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்கிறார்கள்.

ஜப்பான் எதற்கு? நம் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானி கலைச்செல்வி அம்மையார். தமிழில் பாடம் படித்து வளர்ந்தவர். மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு 2022-ல் தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான். 2024 மே மாதம் அந்தக் கவுன்சிலின் ஊழியர்கள் திங்கட்கிழமைதோறும் இஸ்திரி போடாத உடையில் வேலைக்கு வந்தார்கள். ஒரு ஜோடித் துணிக்கு இஸ்திரி போடாவிட்டால் 200 கிராம் கரியமில வாயு குறையும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. வாரத்தில் ஒரு நாள்தான்! இஸ்திரி வண்டிக்காரர் கவலைப்பட வேண்டாம்.

கசங்கிய சட்டைக்கு மரியாதை உண்டா?

"இதெல்லாம் சரி. ஆனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்பீர்கள்.

இதுதான் உண்மையான நோய்! நம்மை வியர்க்க வைப்பது வெயில் மட்டும் அல்ல. நாலு பேருடைய கண்.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்புக்குள் வேட்டி கட்டி வந்த ஐகோர்ட்டு நீதிபதியையே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அதே ஆண்டு சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டி கட்டியவரைத் தடுக்கும் கிளப்பின் லைசென்சையே ரத்து செய்யலாம் என்று ஆயிற்று.

சட்டம் வந்துவிட்டது. மனசு மாறிற்றா? கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். சித்திரை வெயில். மாப்பிள்ளை கம்பளிக் கோட்டில் வெந்துகொண்டு இருப்பார். அவருக்காக மண்டபம் முழுவதும் ஏ.சி.! அந்தக் குளிரில் மெல்லிய சேலை கட்டிய பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவார்கள்!

நம் மாவட்டத்துக்கு உடையின் அருமை தெரியும். மேலாடை அணியும் உரிமைக்காக இங்கே பெண்கள் போராடினார்கள். அடியும் உதையும் பட்டார்கள். 1822-ல் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்கு 1859-ல்தான் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வந்தது. அதன் 200-ம் ஆண்டு விழா 2023 மார்ச் மாதம் நாகர்கோவிலிலேயே நடந்தது.

அந்த வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. உடையை யாரும் யார் மீதும் திணிக்கக்கூடாது. ஆகவே, "இதைத்தான் உடுத்த வேண்டும்" என்று நான் உத்தரவு போடவில்லை. "இதையும் உடுத்தலாம், இதிலும் மரியாதை உண்டு" என்கிறேன். அவ்வளவுதான்.

நம்மால் முடிந்தது

பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம்.

படுக்கை அறைக்கு மெல்லிய பருத்தி வேட்டி ஒன்றைப் போர்வையாக எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளி வேண்டியது இல்லை. ஏ.சி. இருந்தால் 24-க்கு மேல் வையுங்கள். கூடவே விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். காற்று வீசும் மாதங்களில் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, திறந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தி உடை வாங்குங்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் கோடையில் குழந்தைகளின் கழுத்தில் இருந்து டையைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பிஞ்சுக் கழுத்து ஆசீர்வாதம் செய்யும்!

இப்படி மிச்சமாகும் காசு யாருக்குப் போகிறது? உங்கள் வீட்டு அரிசிப் பானைக்குத்தான். மிச்சமாகும் மின்சாரம்? உண்மையாகவே குளிரிலும் வெயிலிலும் வாடுகிறவர்களுக்கு.

என் தங்கை கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். ஏ.சி. 26-ல் ஓடியது. கம்பளியைக் காணவில்லை.

"கம்பளி எங்கே?" என்று கேட்டேன்.

"மகளுக்கு அனுப்பியாச்சு அண்ணே. குளிரு இருக்கிற இடத்துலதானே கம்பளி இருக்கணும்!" என்றாள்.

கம்பளி போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டுக் கம்பளி எங்கே இருக்கிறது?